உதாரும் வஞ்சினமும்

தன் பலத்தைத் தானே எடுத்துச் சொல்பவரைக் குறிக்கத் தமிழில் ஒரு சொல் போதவில்லை. எழுத்தில் தற்பெருமை, செருக்கு, வீம்பு, வாய்ச்சவடால் என்கிறோம். சென்னைத் தெருவில் உதார், பீலா, பில்டப், பந்தா, சீன், அலப்பறை என்று பட்டியல் இன்னும் நீள்கிறது. இவை எல்லாமே ஏச்சுச் சொற்கள். ஆனால் அதே தெருவில் ‘கெத்து’ என்ற சொல்லும் உண்டு, அது பாராட்டு. ஒருவர் தெருமுனையில் நின்று “என்னை அசைக்க ஆள் கிடையாது” என்கிறார். கேட்பவர்களில் ஒருவர் அதை உதார் என்கிறார், இன்னொருவர் கெத்து என்கிறார். பேச்சு ஒன்றுதான்; தீர்ப்பு மட்டும் இரண்டு. இந்தத் தீர்ப்பை எது முடிவு செய்கிறது என்பதைத் தமிழ்த் திரைப்படமும் விளையாட்டும் பல காலமாகக் காட்டிவருகின்றன. அதைப் பார்க்க வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. குத்துச்சண்டை, கேரம், கானா, தொழிற்சங்க மேடை என எல்லாவற்றிலும் வாய்ப்பேச்சுக்கு இடமளித்த ஊர் அது. தமிழ்த் திரை அதிகம் கேலி செய்த பேச்சும் அந்த ஊருடையதுதான்.

கடைசித் தீர்ப்பு ஊருடையது என்பதற்குத் திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையின் பெயரிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆங்கிலேய ஆளுநராக இருந்தவர் ஜோசப் காலெட். அவர் காலத்தில் நெசவாளர்களுக்காக அமைந்த குடியிருப்புக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது: காலெட்பேட்டை. ஆட்சி செய்தவரின் பெயரை ஊர் வாய் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. சொல்லிச் சொல்லித் தேய்ந்து அது காலடிப்பேட்டை ஆயிற்று. 2021 பிப்ரவரியில் திறந்த மெட்ரோ ரயில் நிலையத்தின் பலகையில் இருப்பதும் ஊர் வைத்த பெயர்தான். ஒருவர் தன் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதினாலும், ஊர் ஒப்புக்கொண்ட அளவுக்குத்தான் அது நிலைக்கும்.

நன்னூல் வகுத்த நான்கு இடங்கள்

அடக்கத்தைத் தமிழ் நூல்கள் உயர்த்திப் பேசுகின்றன. திருக்குறளில் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. எந்த நாளிலும் தன்னைத் தானே வியந்துகொள்ளக் கூடாது என்று குற்றங்கடிதல் அதிகாரம் சொல்கிறது. அதே நூலில் படைச்செருக்கு என்றும் ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே செருக்கு பழிப்பு அன்று, வீரனுக்கு அழகு.

இந்த இரண்டுக்கும் இடையே எல்லை போட்டவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர். ஒருவர் எத்தனை துறை கற்றுத் தேர்ந்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று அவர் முதலில் விதிக்கிறார். அடுத்த நூற்பாவில் புலவர்களுக்கு நான்கு விலக்குகள் தருகிறார். அரசவைக்கு ஓலை அனுப்பும்போது தன்னைப் புகழலாம். தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது புகழலாம். அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையில் புகழலாம். எதிரி தன்னைப் பழித்துப் பேசும்போது புகழலாம்.

இந்த நான்கு இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பொது நியாயம் தெரியும். தன்னைப் பற்றிச் சொல்ல வேறு ஆள் இல்லாதபோதும், சொல்லாமல் விட்டால் அவமானம் நிலைத்துவிடும் என்னும்போதும் தற்புகழ்ச்சி குற்றமாகாது. அறியப்பட்டவருக்கு அடக்கம் அழகு. அறியப்படாதவருக்கும் பழிக்கப்பட்டவருக்கும் வாய் திறக்க உரிமை உண்டு.

போர்க்களத்துக்கு இன்னும் தனி இலக்கணம் இருந்தது. வீரன் தன் பெருமையைத் தானே எடுத்துச் சொல்வதைப் புறப்பொருள் வெண்பாமாலை ‘நெடுமொழி’ என்கிறது. அதைவிடக் கனமானது வஞ்சினம். ‘இதைச் செய்து முடிப்பேன், முடிக்காவிட்டால் எனக்கு இந்த இழிவு வரட்டும்’ என்று உரைப்பது அது. புறநானூற்றின் 72ஆம் பாட்டு இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. சிறுவன் என்று தன்னை இகழ்ந்த பகைவர்களை நோக்கித் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் சூளுரைக்கிறான். அவர்களை வெல்லாவிட்டால் குடிமக்கள் தன்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவருக்குக் கொடுக்க முடியாத வறுமை தனக்கு வரட்டும் என்கிறான்.

உதாருக்கும் வஞ்சினத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே துலங்குகிறது. உதார் விடுபவர் எதையும் பணயம் வைப்பதில்லை. தோற்றால் வேறு பேச்சுக்குத் தாவிவிடலாம். வஞ்சினம் உரைத்தவர் தன் மானத்தைச் சபை நடுவே அடகு வைத்துவிட்டார். திரும்பிப் போக அவருக்கு வழியில்லை.

ரோசம் என்ற விளையாட்டு

ஆங்கிலேயர் கொண்டுவந்த குத்துச்சண்டை வடசென்னையின் உழைப்பாளர் குடியிருப்புகளில் வேரூன்றியபோது அதற்கு ‘ரோசமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்று பெயர் விழுந்தது. ‘ஆங்கில’ என்பது விதிமுறையைக் குறிக்கும்; ‘ரோசமான’ என்பது ஊர் சேர்த்த சொல். இழிவுபட்ட மானம் எழுந்து நிற்பதற்குப் பெயர் ரோசம். நன்னூலின் நான்காவது விலக்கு, எதிரி பழித்தால் பேசலாம் என்பது, ஒரு விளையாட்டின் பெயருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

வீரர்கள் சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று பிரிந்து மோதினார்கள். இங்கே பரம்பரை என்பது இரத்த உறவு இல்லை. ஒரு வாத்தியாரிடம் பாடம் கற்ற சீடர்களின் வழி. மீனவர், துறைமுகத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் எனப் பல வீடுகளிலிருந்து வந்தவர்கள் ஒரு பரம்பரையின் பெயரைச் சுமந்தார்கள். அதனால் வளையத்துக்குள் ஒருவன் பேசிய பேச்சு அவனோடு முடியவில்லை. அவன் வென்றால் பரம்பரை வென்றது; தோற்றால் வாத்தியார் தலைகுனிந்தார். ஆங்கிலோ-இந்திய வீரரான நாட் டெர்ரியை உள்ளூர் வீரர் கித்தேரி முத்து வீழ்த்திய கதை, கண்ணால் பார்த்தவர்கள் மறைந்த பின்னும் வடசென்னையில் பேசப்படுவதற்குக் காரணம் இதுதான். அந்தக் குத்து ஒரு தனி மனிதனின் குத்தாக நினைவில் நிற்கவில்லை.

வாய் திறந்து பேசும் பழக்கத்துக்கு வேறொரு பள்ளிக்கூடமும் இங்கே இருந்தது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. 1923இல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடினார். முதலாளியின் முன் வாய் மூடி நின்ற மனிதர் மேடையில் ஏறிப் பேசக் கற்றது இந்தக் காலத்தில்தான். வடசென்னைக்காரரின் பட்டென்ற பேச்சைத் திமிர் என்று வெளியூர்க்காரர் நினைப்பதுண்டு. உரிமைக்காகப் பேசிப் பழகிய பேச்சும் அதில் கலந்திருக்கிறது.

அலி வந்தபோது

உலகம் அறிந்த தற்புகழ்ச்சியாளர் முகமது அலி. 1961இல் கார்ஜியஸ் ஜார்ஜ் என்ற மல்யுத்தக்காரர் தன்னைத் தானே புகழ்ந்து தள்ளியதையும், அவர் தோற்பதைப் பார்க்கவே கூட்டம் கூடியதையும் இளம் வீரரான அலி கவனித்தார். ரசிகர்கள் ஆதரவுக்காக மட்டும் வருவதில்லை, வாய் அடங்குவதைப் பார்க்கவும் காசு கொடுத்து வருவார்கள் என்பது அவருக்குப் புரிந்தது. அதன்பின் அவர் கவிதையாகப் பேசினார். எத்தனையாவது சுற்றில் எதிரி விழுவான் என்று முன்கூட்டியே அறிவித்தார். 1964 பிப்ரவரியில், 22 வயதில், பெரும்பாலோர் தோற்பார் என்று கணித்த போட்டியில் சோனி லிஸ்டனை வென்று உலகச் சாம்பியன் ஆனார்.

கறுப்பின இளைஞர் அடங்கி நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்த நாட்டில், தான் அழகன், தானே மிகச் சிறந்தவன் என்று அவர் சொன்னது வெறும் விளம்பரமாக நிற்கவில்லை. 1967இல் வியட்நாம் போருக்காக ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டம் பறிபோனது. மூன்றாண்டுக்கு மேல் வளையத்துக்கு வெளியே நின்றார். 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் மீதான தண்டனையை நீக்கியது. தன் சொல்லுக்காகத் தொழிலையும் இளமையின் சிறந்த ஆண்டுகளையும் பணயம் வைத்த பின், அவர் வாய்ப்பேச்சை யாராலும் உதார் என்று ஒதுக்க முடியவில்லை. 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனை வென்று பட்டத்தை மீட்டார்.

அதே வாய் எல்லை மீறியதும் உண்டு. தன்னைப் போலவே கறுப்பினத்தவரான ஜோ ஃபிரேசியரை, 1975 மணிலா போட்டிக்கு முன் அலி மனிதக் குரங்கோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். ஃபிரேசியர் அந்தக் காயத்தை நெடுங்காலம் மறக்கவில்லை. அலி பின்னர் வருந்தினார். தன்னை உயர்த்திப் பேசுவது ஒன்று, எதிரில் நிற்பவரை மனிதரே இல்லை என்பது வேறு. முன்னதற்கு நன்னூலில் இடம் உண்டு. பின்னதற்கு எங்கும் இடமில்லை.

1980இல் அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் முன்னாள் உலகச் சாம்பியன் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆருடன் அவர் இருக்கும் படங்கள் இன்றும் கைமாறுகின்றன. ரோசத்தின் பெயரால் குத்துச்சண்டை ஆடிய நகரத்துக்கு அலி அந்நியராகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

திரையில் யாருக்கு வாய், யாருக்குச் சிரிப்பு

தமிழ்த் திரைப்படம் வாய்ப்பேச்சை இரண்டாகப் பங்கிட்டது. கதாநாயகனுக்குப் பஞ்ச் வசனம். நகைச்சுவை நடிகருக்கு உதார்.

கதாநாயகனின் பேச்சு பெரும்பாலும் வஞ்சினத்தின் வழியில் வருவது. ‘அண்ணாமலை’ (1992) படத்தில் பால்காரர் ஒருவர், தன் வீட்டை இழந்த நிலையில், கோடீஸ்வர நண்பனின் எதிரே நின்று சூளுரைக்கிறார். நெடுஞ்செழியன் பாட்டின் வடிவம் இதில் அப்படியே இருக்கிறது: முதலில் இழிவு, பிறகு சூளுரை, அதன்பின் அதை நிறைவேற்றும் வேலை. ரசிகர் கைதட்டுவது வசனத்துக்காக மட்டும் இல்லை. பேசியவர் இழந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ‘பாட்ஷா’ (1995) இன்னும் நுட்பமான வழியில் போனது. ஆட்டோ ஓட்டும் மாணிக்கம் தன் பழைய பலத்தைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. அவனைப் பார்த்து மற்றவர்கள் நடுங்குகிறார்கள், மற்றவர்கள் சொல்கிறார்கள். புகழ் பிறர் வாயிலிருந்து வர வேண்டும் என்ற பழைய விதியைக் காத்துக்கொண்டே அந்தப் படம் பெருமிதத்தின் உச்சத்தைத் தொட்டது.

உதாரின் திரைமுகம் வடிவேலு. ‘வின்னர்’ (2003) படத்தின் கைப்புள்ள, ‘தலைநகரம்’ (2006) படத்தின் நாய் சேகர், ‘எல்லாம் அவன் செயல்’ (2008) படத்தின் வண்டு முருகன் ஆகிய மூவரும் பேச்சில் மலையைப் புரட்டுபவர்கள், முதல் அடியில் விழுபவர்கள். ஆனால் அடி வாங்கிய பிறகும் நிமிர்ந்து உட்கார்ந்து அதே தோரணையோடு பேசுவதால்தான் மக்கள் அவர்களை நேசித்தார்கள். தோற்றுக்கொண்டே இருக்கும் எளிய மனிதருக்கு மிஞ்சிய ஒரே சொத்து வாய் என்பதை வடிவேலு நன்றாக அறிந்து நடித்தார்.

இந்தப் பங்கீட்டில் ஒரு அநியாயமும் நேர்ந்தது. உதார் பேசும் பாத்திரத்துக்குத் தமிழ்த் திரை வாடிக்கையாகக் கொடுத்த மொழி மெட்ராஸ் பாஷை. ‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் ரிக்‌ஷாக்காரராக வந்த சந்திரபாபு அதை அற்புதமாகப் பேசினார். பின்வந்த பலர் அந்த அழகை விட்டுவிட்டுச் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘இன்னா’, ‘நைனா’, ‘வாத்தியாரே’ என்று தொடங்கினால் அவர் கோமாளி, இல்லாவிட்டால் அடியாள் என்ற பழக்கம் படிந்துபோனது. ஒரு பகுதி மக்களின் அன்றாடப் பேச்சே வாய்ச்சவடாலின் அடையாளமாக ஆக்கப்பட்டது. அவர்களின் சூளுரைக்கு வஞ்சினத்தின் மதிப்பு கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

வளையத்துக்குத் திரும்பிய மரியாதை

அந்த மரியாதையைத் திருப்பித் தந்த படங்களில் முதன்மையானது பா. இரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’. 2021 ஜூலையில் இணையத்தில் வெளியான அந்தப் படம் நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னையில் நடக்கிறது. வாய்ப்பேச்சின் எல்லா வகைகளும் அதில் உண்டு. இடியப்ப பரம்பரையின் துரைக்கண்ணு வாத்தியார் இகழ்கிறார். அதற்குச் சார்பட்டாவின் ரங்கன் வாத்தியார், தோற்றால் தன் பரம்பரை இனி வளையம் ஏறாது என்று ஒப்புக்கொள்கிறார். அது அச்சு அசலான வஞ்சினம். அடுத்து வருகிறான் டான்ஸிங் ரோஸ். ஷபீர் கல்லரக்கல் ஏற்ற இந்தப் பாத்திரம் வளையத்துக்குள் ஆடுகிறது, துள்ளுகிறது, எதிரியைச் சீண்டுகிறது. பிரிட்டனின் நசீம் ஹமீதின் பாணியை அதில் காணலாம். ஏமனிலிருந்து வந்த பெற்றோருக்கு ஷெஃபீல்டில் பிறந்த ஹமீது, கயிற்றின் மேல் குட்டிக்கரணம் போட்டு வளையத்துக்குள் இறங்குவார். 37 தொழில்முறைப் போட்டிகளில் ஒன்றில் மட்டுமே தோற்றார். ரோஸின் ஆட்டம் வெற்று அலப்பறை இல்லை. அது அவன் கற்ற கலையின் ஒரு பகுதி. அதனால்தான் கதாநாயகனை எதிர்த்து நின்றபோதும் பார்வையாளர்கள் அவனைக் கொண்டாடினார்கள்.

படத்தின் கதாநாயகனான கபிலன் பாத்திரம் இன்னொரு பாடம் தருகிறது. பேசாமல் வளையம் ஏறி வென்றவன், பின்னர் குடியிலும் வெட்டி வீராப்பிலும் விழுகிறான். அவனைக் கீழே தள்ளியது எதிரியின் குத்து இல்லை. பணயம் எதுவும் வைக்காமல் வந்த உதார். உடம்பைத் திரும்ப உழைக்க வைத்த பிறகே அவன் ரோசத்துக்கு மதிப்பு வருகிறது.

‘பூலோகம்’ (2015) இதே வட்டாரக் குத்துச்சண்டையை எடுத்துக்கொண்டு வேறொரு உண்மையைச் சொன்னது. வீரனின் ஆத்திரமும் வீரப்பேச்சும் தொலைக்காட்சிக்கு விற்பனைச் சரக்காக மாறினால், அவன் ரோசத்தில் லாபம் பார்ப்பவர் வேறொருவர். கார்ஜியஸ் ஜார்ஜின் காலம் முதல் இன்றைய குத்துச்சண்டை முன்னோட்டச் சந்திப்புகள் வரை இந்த வணிகம் தொடர்கிறது.

திரைக்கு வெளியே கானாவும் இந்த மரபைச் சேர்ந்ததுதான். பாடகர் தன் பெயரையும் பேட்டையையும் பாட்டுக்குள் வைத்துப் பாடுவது உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானாவையும் ராப்பையும் சேர்த்து, சாதிக்கு எதிரான வெளிப்படைப் பேச்சாக அதை வளர்த்தது. ராப் இசையில் தற்புகழ்ச்சி ஒரு அங்கம். யாரும் அறியாதவர் நடுவில் தன்னைச் சொல்லலாம் என்ற நன்னூலின் இரண்டாம் விலக்கு அதற்கு நன்றாகவே பொருந்தும்.

வாயாடி என்ற தண்டனை

ஆண் பேசினால் கெத்து, பெண் பேசினால் வாயாடி. இந்த அளவுகோலைத் தமிழ்த் திரை நெடுங்காலம் கைவிடவில்லை. ‘படையப்பா’ (1999) படத்தின் நீலாம்பரி தன் அழகையும் செல்வத்தையும் அறிவையும் மறைக்காமல் பேசுகிறாள். இழிவுபட்ட பின் பல ஆண்டுகள் அறைக்குள் அடைந்து கிடக்கிறாள். ஒரு ஆண் பாத்திரம் இதைச் செய்திருந்தால் அது வஞ்சினம். அவளுக்குக் கதை கொடுத்தது திமிர் பிடித்தவள் என்ற பெயரும் தோல்வியும். ஆனால் ரம்யா கிருஷ்ணனின் நடிப்பு அந்தத் தீர்ப்பை மீறி நின்றது. பார்த்தவர்கள் நீலாம்பரியை மறக்கவில்லை.

பிந்தைய படங்கள் சற்று நேர்மையாக நடந்துகொண்டன. சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ (2016) படத்தில் ரித்திகா சிங் ஏற்ற மதி, மீன் விற்கும் பெண். பயிற்சியாளரிடமும் எதிர்த்துப் பேசும் அந்த வாய்தான் அவளுடைய குத்துக்கும் ஊற்று என்று படம் புரிந்துகொள்கிறது. வெற்றிமாறனின் ‘வடசென்னை’ (2018) படத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ் ஏற்ற பத்மா, வசவையும் காதலையும் ஒரே மூச்சில் பேசுபவள். இந்தப் பெண்களின் வெளிப்படைப் பேச்சைப் படங்கள் அடக்கித் திருத்தவில்லை. கதைக்குள் அதற்கு வேலை கொடுத்தன.

பேசாத பலகை

‘வடசென்னை’யின் கதாநாயகன் அன்பு கேரம் ஆட்டக்காரன். அது வெறும் கற்பனை இல்லை. வியாசர்பாடியிலிருந்து வந்த இளவழகி கேரமில் உலகச் சாம்பியன் ஆனார். வண்ணாரப்பேட்டைப் பகுதியில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். கேரம் பலகையின் முன் உதாருக்கு வேலை இல்லை. விரல் நடுங்கினால் காய் குழிக்குள் போகாது. உலகை வென்ற இவர்களின் பெயர் வடசென்னைக்கு வெளியே பலருக்குத் தெரியாது என்பதையும் இங்கே சேர்த்தே சொல்ல வேண்டும். அமைதியாக வென்றவரை உலகம் தானாகக் கண்டுகொள்ளும் என்பது எப்போதும் நடப்பதில்லை. தன்னைப் பற்றிச் சொல்லச் சில இடங்களில் அனுமதி தேவை என்று பவணந்தியார் நினைத்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

உதாருக்கும் வஞ்சினத்துக்கும் நடுவே உள்ள கோட்டை அறிய மூன்று கேள்விகள் போதும். பேசுபவர் பழிக்கப்பட்டவரா, அல்லது ஏற்கெனவே உயரத்தில் இருப்பவரா? சொன்ன சொல்லுக்காக எதைப் பணயம் வைக்கிறார்? தன்னை உயர்த்துகிறாரா, மற்றவரை இழிவுபடுத்துகிறாரா? புறநானூற்று வேந்தனுக்கும் அலிக்கும் ரங்கன் வாத்தியாருக்கும் இந்தக் கேள்விகள் ஒன்றுதான். அடுத்த முறை தெருமுனையிலோ திரையிலோ யாராவது உரத்துப் பேசினால், குரலின் உயரத்தையும் பாஷையின் கொச்சையையும் வைத்து அவரை எடை போட வேண்டாம். அவர் எதைப் பணயம் வைத்துப் பேசுகிறார் என்று பாருங்கள்.